பெண்களும் பணமும்: குழுக் கூட்டத்தில் நாடகம் எதற்கு, எப்படி

குடியாத்தம் பக்கத்தில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறீர்கள். வரவு செலவு, சேமிப்பு என்று வகுப்பு எடுத்தால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் சொந்தப் பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கதை, நாடகம் மூலமாக அவர்களைப் பேச வைக்க முடியுமா, அதனால் உருப்படியாக ஏதாவது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சேமிப்பு விழிப்புணர்வு நாடகம் போடுவது எப்படி என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டால் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் கேட்பது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். பணம் என்றதும் ஒரு பெண்ணுக்குப் பயம், ஆசை, வெட்கம், பெருமை, ஆத்திரம் என்று என்னென்னவோ வருகிறது. அதை அவளே எடுத்து வைத்துப் பார்க்க ஒரு வழி வேண்டும், அந்த வழியால் அவளுக்குக் கெடுதல் வரக்கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள்.

நான் நாடகம் படித்தவள். பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம், பீடி சுற்றும் பெண்களோடும் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களோடும் பல வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பேச வைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். எதைப் பேச வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

அவர்கள் பேசாமல் இருப்பதற்குப் பணத்தைப் பற்றித் தெரியாதது காரணமில்லை. வீட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரக் கூலி எவ்வளவு வரும், கழிவு என்று எவ்வளவு பிடிப்பார்கள், குழுத் தவணை என்றைக்கு, பலகாரச் சீட்டுக்கு எத்தனை வாரம் பாக்கி, யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்திருக்கிறாள், நாத்தனார் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு மொய் எழுத வேண்டும், எல்லாம் அவள் மனசில் இருக்கிறது. ஒரு நோட்டிலும் எழுதியிருக்கமாட்டாள். அவளுக்கு முன்னால் நின்று "வரவுக்குள் செலவு செய்யுங்கள்" என்று சொன்னால் அவள் மரியாதைக்காகத் தலையாட்டுவாள். குழு என்கிற இடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். 1989இல் பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் அரசு இந்தச் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை கூட்டத்தில் பேசும் பேச்சு ஒன்றுதான்: சேமிப்பு, கடன், தவணை. நீங்கள் கேட்டால் அவர்கள் அந்தப் பதிலைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். பேசாமல் இருப்பதுதான் அவள் பணத்துக்குக் காவல். அரிசிப் பானையில், பழைய புடவை மடிப்பில், அம்மா வீட்டு பீரோவில் இருக்கிற சிறுவாட்டுப் பணம் யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் அவளுடையது. தெரிந்த நிமிஷம் அது வீட்டுப் பணம், அப்புறம் புருஷன் பணம். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள் இல்லையா? அதற்கப்புறம் வந்த வாரங்களில் பல பெண்கள் வருஷக்கணக்கில் ஒளித்து வைத்ததை எடுத்து யாரிடமாவது காட்டியே ஆக வேண்டி வந்தது. தன் பேரில் கணக்கு இல்லாதவர்கள் புருஷனிடம் கொடுத்தார்கள், தம்பியிடம் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பணம் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. அதைவிட, "என்கிட்ட சொல்லாம இவ்ளோ வெச்சிருந்தியா" என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. இந்த அனுபவம் உள்ள பெண்களிடம் போய் "உங்கள் பணக் கதையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றால், அவர்கள் வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அந்த வாயைத் திறக்கவைப்பதை நாடகத்தின் வெற்றியாக எண்ணாதீர்கள்.

அப்படியானால் நாடகம் எதற்கு? தன் கதையைச் சொல்லாமலே தன் கதையைப் பற்றி யோசிக்க அது இடம் கொடுக்கிறது. நம் பகுதியில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்த பெண்கள் நம் கிராமங்களில் குறைவு. சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் பகடை துகில் அன்றைக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். தருமர் நாட்டை வைக்கிறார், தம்பிகளை வைக்கிறார், தன்னை வைக்கிறார், கடைசியில் பாஞ்சாலியை வைக்கிறார். தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயமாக வைக்க என்ன பாத்தியதை என்று அவள் சபையில் கேட்கிறாள். அரிச்சந்திரன் கூத்தில் சந்திரமதி காசியில் ஏலம் போகிறாள். கண்ணகி மிச்சமிருந்த சிலம்பைத் தானாகவே கொடுக்கிறாள். பெண்ணையும் பொருளையும் சேர்த்துப் பேசாத கூத்தே நம்மிடம் கிடையாது என்று சொல்லலாம். ஆனால் அதிலெல்லாம் அவள் பணயமாக வருகிறாள், விலைக்குப் போகிறாள், இல்லையென்றால் கழற்றிக் கொடுக்கிறாள். கையில் துட்டை வைத்துக்கொண்டு இதை என்ன செய்யலாம் என்று யோசிக்கிற பெண்ணை நான் பார்த்த எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை. அந்தக் காட்சியை இந்தப் பெண்களே உண்டாக்கட்டும் என்பதுதான் என் எண்ணம், என் ஆசையும் அதுதான்.

பாஞ்சாலியின் கேள்வியில் கதையை நிறுத்திவிட்டு, "அவளுக்குன்னு தனியா ஏதாவது இருந்திருக்குமா? இருந்தா யார்கிட்ட கொடுத்து வெச்சிருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுவார்கள். அண்ணன் கிருஷ்ணன்கிட்ட கொடுத்திருப்பா, குந்தியம்மாகிட்ட கொடுத்திருக்கவே மாட்டா, அஞ்சு பேருக்குத் தெரியாம ஒரு வீட்ல எதை ஒளிக்க முடியும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்வது பாஞ்சாலியைப் பற்றி. கேட்பவர்களுக்கும் அது தெரியும், அதற்குப் பின்னால் இருப்பதும் தெரியும், யாரும் கிளறமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: துகிலுரியும் இடத்தை மட்டும் நடித்துக் காட்டாதீர்கள். அவள் அவர்களுக்கு அம்மன். கூத்துக் கலைஞர்களே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு பயபக்தியோடு ஆடும் கட்டம் அது, பார்ப்பவர்களுக்கு மருள் வந்துவிடும். கேள்வியோடு நிறுத்திக்கொள்வது போதும்.

மன்ற நாடகம் என்று ஒரு முறை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு சிக்கலை நடித்துக் காட்டி, அது மோசமாக முடிகிற இடத்தில் நிறுத்தி, பார்ப்பவர்களில் ஒருவரை மேலே வரச் சொல்லி, நீயாக இருந்தால் என்ன செய்வாய், செய்து காட்டு என்று கேட்பது. பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் உருவாக்கியது. அது எங்கிருந்து வந்தது என்று அவரே சொன்ன சம்பவம் ஒரு பெண்ணின் பணத்தைப் பற்றியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். வீடு கட்டுகிறேன், பணம் கொடு என்று புருஷன் அவளிடம் வாங்கிக்கொண்டே இருக்கிறான், அவ்வப்போது ஒரு காகிதத்தைக் கொடுத்து இதுதான் ரசீது என்கிறான். அவள் அவற்றைப் பத்திரமாகக் கட்டி வைக்கிறாள். ஒருநாள் சந்தேகம் வந்து பக்கத்து வீட்டுக்காரியைப் படிக்கச் சொன்னால், எல்லாம் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். அவன் திரும்பி வரப்போகிறான், நான் என்ன செய்யட்டும் என்று அவள் நாடகக்காரர்களிடம் கேட்டாள். அவர்கள் நடித்துக் காட்டியது பார்வையாளர்களில் இருந்த வாட்டசாட்டமான ஒரு அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அழுவதும் மன்னிப்பதும் போதாது, இப்படி இல்லை, இப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்களே வந்து செய்யுங்கள் என்று அழைத்ததும் மேடையேறி, விளக்குமாற்றை எடுத்துப் புருஷனாக நடித்தவரை நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். பார்ப்பவர் மேடையேறுவது அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த ரசீதுகளை நினைத்துப் பாருங்கள். நம்மூரில் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட எத்தனை பெண்களை உங்களுக்குத் தெரியும்?

இந்த முறையில் கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் ஒருவர் நின்று கேள்வி கேட்டு நடத்த வேண்டும். அதற்கு வெளியிலிருந்து ஆள் தேடாதீர்கள். கூத்தில் கதையை நடத்திப்போகும் கோமாளி, கட்டியக்காரன் இருக்கிறான். ராஜாவையும் கேள்வி கேட்கலாம், ஜனங்களையும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. குழுவிலேயே துடுக்கான ஒரு பெண்ணைக் கட்டியக்காரி ஆக்கிவிடுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். முதல் நாளிலேயே நடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு காலி எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வட்டமாக உட்கார வைத்துக் கை மாற்றச் சொல்லுங்கள். "இது ஒரு அக்காவோட டப்பா. அவங்க இங்க இல்ல. உள்ள என்ன இருக்கு?" அவ்வளவுதான் கேள்வி. எவ்வளவு பணம் என்று கேட்கவே கூடாது. தொகையைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள், கதை நின்றுவிடும். கடுகுக்கு அடியில் ஒரு மோதிரம், பொண்ணோட காது குத்துக்கு. செல்லாத நோட்டு ஒண்ணு, தூக்கிப் போட மனசு வரல. ஒண்ணுமே இல்ல, ஆனா இருக்குன்னு அவரு நெனச்சிக்கினு கீறாரு. இப்படி வரும். பேரணாம்பட்டு பக்கம் ஒரு பாட்டி டப்பாவைக் கையில் வாங்கினார், திறந்து பார்த்தார், மூடினார், தன் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "அது அவளுக்குத் தெரியும், உங்களுக்கு இன்னாத்துக்கு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு அதைவிட நல்ல பதில் யாரும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று தடவை இப்படிப் பழகிய பிறகு ஒரு சின்னக் காட்சி. எங்கே போனாலும் தவறாமல் வேலை செய்யும் காட்சி, கம்மலை அடகு வைப்பது. ஒரு பெண் மனைவி, இன்னொரு பெண் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புருஷன். கூத்தில் ஆண்கள்தான் வழக்கமாகப் பெண் வேஷம் கட்டுவார்கள், இங்கே தலைகீழ், அதுவே கூட்டத்தைக் கலகலப்பாக்கிவிடும். "கம்மல கொடு, மூணு மாசத்துல திருப்பிக் குடுத்துடறேன்." அவள் கழற்றிக் கொடுக்கிறாள். அடுத்த காட்சியில் நகை மூழ்கிப்போகிறது. நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று கேட்டால் முதலில் வருபவர் எப்போதும் ஒரு இளம்பெண்ணாக இருப்பார், "தரமாட்டேன்" என்பார். புருஷனாக நடிப்பவள் சும்மா விடமாட்டாள். அவளுக்கு அந்த வசனமெல்லாம் வீட்டுப் பாடம். "அப்ப புள்ளைக்கு பீசு யாரு கட்டுவா, உங்கப்பனா?" கூட்டம் அமைதியாகிவிடும். இன்னொருத்தி வந்து, கம்மல் எங்கம்மா வீட்டில் இருக்கிறது என்று பொய் சொல்லிப் பார்ப்பாள். "சரி கிளம்பு, இப்பவே போயி வாங்கிக்கினு வரலாம்" என்று பதில் வரும். ஒருமுறை பள்ளிகொண்டா பக்கத்தில் இது மாதிரி போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். "தரேன்யா, பீசு கட்டணும், தரேன். ஆனா சேட்டு கடைக்கு நானும் வரேன். என் பேர்ல வை. சீட்டு என் கையில இருக்கணும்." புருஷனாக நடித்தவளுக்கு ஒரு நிமிஷம் பதிலே வரவில்லை. அப்புறம் கூட்டமே பேச ஆரம்பித்துவிட்டது. வட்டி யார் கட்டுவது, சீட்டு தொலைந்தால் என்ன ஆகும், வங்கியில் வைத்தால் யாருக்குக் கடிதம் வரும் என்று. அடகுக் கடைக்காரர் சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1943ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டத்திலேயே இருக்கிறது, ஏலத்துக்கு முன்னால் அறிவிப்பும் கொடுக்க வேண்டும், சீட்டு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது வரும். இந்தத் தகவலை நான் முதலிலேயே வகுப்பாக எடுத்திருந்தால் ஒருவர் காதிலும் ஏறியிருக்காது. அந்த அம்மா கேள்வியை உண்டாக்கிய பிறகு அவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள்.

காட்சிக்கு வேறு சில விஷயங்களும் சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களோடு என்றால் ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதே முழுநீள நாடகம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று பெண்கள் கணக்கிலேயே வர ஆரம்பித்த பிறகு, வீட்டுக்குள் அந்தப் பணம் யாருடையது என்ற பேச்சுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. இஸ்லாமியப் பெண்கள் இருக்கும் குழுவில், கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரைப் பற்றிக் கதை கேளுங்கள். அது மார்க்கப்படியே மனைவிக்குச் சொந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நிக்காஹ்வுக்கு அப்புறம் அது எங்கே போனது என்று ஒரு கதாபாத்திரத்தை வைத்துப் பேசினால் பாட்டியும் பேத்தியும் ஒரே ஆர்வத்தோடு பேசுவார்கள். அங்கே பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் செய்ய வேண்டும், வாசல் திண்ணை கூடாது.

துபாய், சவுதி என்று புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு ஒரு வழக்கைக் காட்சியாகப் போடலாம். சவுதியில் வேலை செய்த ஒருவர் அனுப்பிய பணத்தில் மனைவி இங்கே சொத்து வாங்குகிறார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் சம்பாத்தியம், எனக்குத்தான் சொந்தம் என்கிறார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் சம்பாத்தியத்தில் பங்குதான், அந்தச் சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1943இல் இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக ஒரு தீர்ப்பு: கணவன் வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மனைவி மிச்சம் பிடித்துச் சேர்த்த நூற்றுச் சொச்சம் பவுண்டு முழுக்கக் கணவனுக்குத்தான் என்று. 1964இல் சட்டம் போட்டுத்தான் அங்கே மனைவிக்குப் பாதி கிடைத்தது. தீர்ப்பைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லி, கூட்டத்தையே நீதிபதியாக உட்கார வையுங்கள். பல பெண்கள் கணவன் பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள். அதிர்ச்சி அடைய வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கட்டியக்காரி கேட்கட்டும். தன் உழைப்புக்கு விலை இல்லை என்று ஒரு பெண் தன் வாயால் சொல்லி, அதைத் தன் காதால் கேட்பது சின்ன விஷயமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது அந்த வழக்கின் விவரங்களை வைத்து வந்த தீர்ப்பு, எல்லார் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் சட்டம் இல்லை. யாராவது தன் சொத்து விஷயமாகக் கேட்டால் வக்கீலிடம் அனுப்புங்கள், மேடையில் வைத்து ஆலோசனை சொல்லாதீர்கள்.

செய்யக்கூடாதவை என்று நான் கறாராக வைத்திருப்பவை சில. யாரும் தன் சொந்தப் பணக் கதையைத் தன் ஊரில் தானே நடிக்கக்கூடாது. வேண்டுமென்றால் ஊர், பெயர், பொருள் மூன்றையும் மாற்றி வேறொருவர் நடிக்கலாம். ஒளித்து வைக்கும் இடம் கதையில் வந்தால் அது கற்பனை இடமாக இருக்க வேண்டும். செல்போனில் படம் பிடிக்கக் கூடாது, நீங்களும் பிடிக்கக் கூடாது, திட்ட அறிக்கைக்குப் போட்டோ வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டாலும் கூடாது. குழுவின் ஊக்குநரோ பிரதிநிதியோ கடன் விஷயத்தில் மற்றவர்களை நெருக்குபவராக இருந்தால் அவர் இருக்கும்போது கடன் காட்சி போடாதீர்கள். இதை லேசாக நினைக்காதீர்கள். கடன் கொடுத்தவளும் வாங்கியவளும் பல நேரம் ஒரே வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வட்டிக்கு விடுபவள் ஒரு தெருவிலிருந்தும் வாங்குபவள் காலனியிலிருந்தும் வந்திருந்தால், சாதியும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கூட்டத்தில் "கடன் கொடுத்தவர் கெட்டவர்" என்று ஒரு நாடகம் போட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறி வேலூர் போய்விடலாம். அவர்கள் அடுத்த நாளும் அதே தெருவில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

இதனால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். வகுப்பு எடுத்து மட்டும் மக்களின் பண நடத்தையை மாற்றுவது கடினம் என்பதில் ஓரளவு தெளிவு இருக்கிறது. 2014இல் 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கில், பண நடத்தையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது 0.1 சதவீதத்தைத்தான். பிறகு 76 சோதனைகளை வைத்துச் செய்த இன்னொரு கணக்கு, அவ்வளவு மோசமில்லை, பயன் இருக்கிறது என்றது. ஆகவே வகுப்பே வீண் என்று நான் சொல்லமாட்டேன். கதைக்குத் தனியாகச் சக்தி உண்டா என்பதற்கு நல்ல சாட்சி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பிரபலமான ஒரு தொலைக்காட்சித் தொடரில் கடனில் சிக்கும் ஒரு பெண்ணின் கதையைச் சேர்த்து உலக வங்கி ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பார்த்தவர்கள் முறையான இடத்தில் கடன் வாங்குவது கூடியது, சூதாட்டத்தில் பணம் போடுவது குறைந்தது. நம் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுப் பாடத்தில் இருந்த ஒரு கதையைப் படித்துப் பேசிய துபகுண்டா கிராமத்துப் பெண்கள், புருஷன்மாரின் கூலியைத் தின்றுகொண்டிருந்த சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் ஆந்திராவில் சாராயத்துக்கே தடை வந்தது. ஆனால் அங்கே பெண்கள் ஏற்கெனவே கோபத்தோடு இருந்தார்கள், கூடிப் பேச ஓர் இடமும் இருந்தது. கதை மட்டும் தனியாக அதைச் செய்தது என்று சொன்னால் அது மிகை.

என் அனுபவத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நாடகத்துக்குப் பிறகு பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மாறுகின்றன. "எவ்ளோ கட்டின" என்பதோடு "யார் பேர்ல இருக்கு" என்பதும் சேர்ந்துகொள்கிறது. சேமிப்பு கூடுகிறதா, கடன் குறைகிறதா என்பது சந்தேகம். கூடினாலும் அது நாடகத்தால் என்று நிரூபிப்பது இன்னும் சந்தேகம். உங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்பார்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு சந்தேகத்துக்குரிய விஷயம், அமெரிக்காவில் பிரபலமாக இருக்கும் பண மனநிலை வகைகள். பணத்தைத் தவிர்ப்பவர், வணங்குபவர், அந்தஸ்தாக நினைப்பவர், எச்சரிக்கையாக இருப்பவர் என்று நாலு வகை சொல்லி 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சிக் கையேடுகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கர்களிடம் கேட்டு உருவாக்கியது அது. மாமியாரிடம் எச்சரிக்கை, மகளுக்கு அந்தஸ்து, கோயில் உண்டியலில் தாராளம் என்று ஒரே நாளில் நாலாகவும் இருக்கும் நம் பெண்களை அதில் எந்தப் பெட்டியில் போடுவது? எனக்கு அது உதவவில்லை.

நாடகத்தால் முடியாதவை நிறைய. பீடிக் கூலியை அது உயர்த்தாது. வாரத் தவணை வசூலிக்க வாசலில் வந்து நிற்கும் ஆளை அது அனுப்பிவிடாது. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்று 2022இலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைத் தெரிந்துவைத்திருங்கள், யாராவது கேட்டால் சொல்லுங்கள். காட்சி நடக்கும்போது ஒரு பெண் திடீரென்று அழுதால், அல்லது காட்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தால், நாடகத்தை மறந்துவிட்டு அவரோடு தனியாக உட்காருங்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை வாங்கிக்கொண்டு தராமல் இருப்பது, செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பது எல்லாம் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தயாராக வைத்திருங்கள். நான் நாடகக்காரி, மனநல ஆலோசகர் இல்லை. அந்த எல்லை வந்ததும் தெரிந்த ஒரு ஆலோசகரிடம் ஒப்படைத்துவிடுவேன், நீங்களும் அப்படி ஒருவரை முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

தொடங்கும்போது பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். தவணை வசூல் நாளில் வைக்காதீர்கள், அன்றைக்கு எல்லாருக்கும் கதவுப் பக்கமே கண் இருக்கும். பீடி சுற்றுபவர்கள் என்றால் முறத்தையும் இலையையும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். கை வேலை செய்துகொண்டிருந்தால்தான் அவர்களுக்கு அன்றைய கூலி போகாது, பேச்சும் தானாக வரும், எழுந்து நடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கீழே வைத்தால் போதும். டப்பாவை நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள், அவர்கள் வீட்டு டப்பாவைக் கேட்காதீர்கள். அப்புறம், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னால் யாரும் கையில் சிக்கமாட்டார்கள், உறவுக்காரர்கள் வந்துபோன செலவும் கைமாற்றும் அதற்கு அடுத்த வாரங்களில்தான் பேச்சில் அடிபடும். அப்போது ஆரம்பியுங்கள்.